வலிக்காது என்று நான் சொன்னது

ஆடு அறுக்கிறவனிடம் வந்து மனிதனைத் தூக்கில் போடுவதைப் பற்றிக் கேட்பது என்ன நியாயம்? எங்கள் ஊரில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் பையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். முதல் கேள்வி, "தொடை இருக்குதா?" இரண்டாவது கேள்வி, "ஏம்பா, தூக்குல போட்டா எவ்ளோ நேரத்துல உசுரு போவும்?"

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொழிலைப் பார்த்து என்னைத் தைரியசாலி என்று நினைப்பவர்கள் உண்டு. என் மனைவியிடம் கேட்டால் சிரிப்பாள். கடை ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதே கிடையாது. பி.பி. மாத்திரை போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரையையும் போட்டு, தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனைப் பிடித்து வைத்துக்கொண்டு சாவைப் பற்றிக் கருத்து கேட்டார்கள்.

விஷயம் இதுதான். பக்கத்துக் கிராமத்துக்காரன் ஒருவன் டிரைவர் வேலைக்கு வெளியூர் போனான். வேலை பார்த்த வீட்டிலேயே நகைக்காக மூன்று பேரைக் கொன்றுவிட்டான். மூன்றில் ஒன்று பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை. கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பானது. மேலே மேலே போயும் அதுவே உறுதியானது. மிச்சம் இருந்தது ஜனாதிபதிக்குப் போடும் கருணை மனு ஒன்றுதான். டிவியில் அவன் முகத்தையும் எங்கள் ஊர்க் கோட்டையையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கோட்டைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதோடு விட்டார்களா? நாலு பேரை உட்கார வைத்து, கயிறு கொடூரமா, ஊசி போட்டால் நோகாமல் போகுமா என்று விவாதம். ஒரு உயிரை எடுப்பதில் எது மரியாதையான வழி என்று கோட்டு போட்டவர்கள் சண்டை போட்டார்கள்.

அந்த விவாதம்தான் ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து சேர்ந்தது.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். வேலையை விட்டும் குரலை விடாதவர். "ஊசியாம். நோவாம கொல்லணுமாம். அந்தக் கொழந்தய அவன் நோவாமத்தான் கொன்னானா?" என்றார்.

"கரண்ட் வெச்சா பட்டுனு முடிஞ்சிடும்பா," என்றார் பின்னால் ஒருவர்.

"நம்மூரு கரண்ட்ட நம்பி அவன உக்கார வெச்சா, பாதியில கட்டாயிடும். அப்புறம் ஈ.பி.க்கு போன் போட்டுனு நிக்கணும்." இதைச் சொன்னவர் பக்கத்து டீக்கடைக்காரர். வியாபாரம் என் கூட்டத்தை நம்பி என்பதால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு கடைக்கும் நடுவில்தான் நிற்பார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதெல்லாம் எதுக்கு? கோட்டையில பாறைக்குழி இருக்குது இல்ல, அதுல தூக்கிப் போடு. சோறு தண்ணி இல்லாம தானா சாவட்டும். ராஜா காலத்துல அப்படித்தானே செஞ்சாங்க," என்றார் கண்டக்டர். அந்தக் குழியை எட்டிப் பார்த்து டூரிஸ்ட்காரர்கள் செல்ஃபி எடுப்பார்கள். உள்ளே கிடந்தவர்கள் எத்தனை நாள் கத்தினார்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

"அண்ணனக் கேளுங்கப்பா," என்றார் டீக்கடைக்காரர். "தெனம் கொல்றவரு அவருதான். அனுபவஸ்தர்."

நான் கட்டையில் எலும்பை வெட்டிக்கொண்டிருந்தேன். தலை வலித்தது. காலையிலிருந்து ஏழாவது ஆள் கேட்கிறார். பேச்சு முடிந்து வரிசை நகர்ந்தால் போதும் என்று இருந்தது. "ஒரு நொடி," என்றேன். "கழுத்துல முடிச்சு சரியான எடத்துல விழுந்தா ஒரே நொடி. தெரியவே தெரியாது. வலியே இருக்காது. போதுமா? அடுத்து யாருக்குக் கொத்துக்கறி?"

போதும் என்றுதான் இருந்தது அவர்களுக்கு. அந்த முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஏதோ சுமையை இறக்கி வைத்த மாதிரி எல்லோரும் லேசானார்கள். "பாத்தியா, தெரிஞ்சவரு சொல்லிட்டாரு," என்றார் கண்டக்டர். கால் கிலோ ஈரல் சேர்த்துப் போடச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் சொன்னேன். குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தூக்கு மேடைக்கு எந்தப் பக்கம் நின்னு நீ பாத்த?"

"தொல்லை தாங்கலடீ. வாய மூடட்டும்னு சொன்னேன்."

"அவங்க வாய மூட ஒன் வாயத் தொறந்தியா?"

பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கவலை வேறு. தவறாகச் சொன்னதற்குப் போலீஸ் கேஸ் ஏதாவது வருமா, யாராவது போனில் பிடித்திருப்பார்களா என்றுதான் பயந்தேன். உண்மையான தொல்லை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கவலைப்படுகிறவனுக்கு என்றைக்குமே தெரிவதில்லை.

அது புதன்கிழமை வந்தது. கடையில் ஒருவரும் இல்லாத நேரம். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், என் பழைய வாடிக்கை. அவள் நைனா படுத்த படுக்கையாகிப் போன பிறகு புதன்கிழமை தவறாமல் சூப்புக்கு நெஞ்செலும்பு வாங்கிக்கொண்டு போவாள். தூக்குத் தண்டனை விழுந்தவனின் அக்கா அவள். தீர்ப்புச் செய்தி வந்த நாளிலிருந்து கடைப்பக்கம் வரவில்லை. வந்தால் என்ன பேசுவது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அவள் வராதது நிம்மதியாகவே இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அப்புறம் வெட்கமாகவும் இருந்தது.

"வாம்மா. எலும்பு போடட்டுமா?"

"எலும்பு வேணாம்ணா." பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கறிக்கட்டையில் படாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். "என் தம்பி விஷயம் தெரியும் இல்ல. ஊர்க்காரங்க கையெழுத்து வாங்கி மனுவோட சேத்து அனுப்பினா நல்லதுன்னு வக்கீலு சொன்னாரு. ஆயுசு முழுக்க உள்ளயே கெடக்கட்டும், உசுர மட்டும் விட்டுடுங்கன்னு கேக்குற மனு. தெருத் தெருவா போறேன். இன்னா சொல்றாங்க தெரியுமா?"

நான் தராசுத் தட்டை எடுத்து நேராக வைத்தேன்.

"'வருத்தப்படாதம்மா, அவனுக்கு வலிக்காதாம், கறிக்கடைக்காரரே சொல்லிட்டாரு.' எனக்கு ஆறுதல் சொல்றாங்களாம்ணா. சொல்லிட்டுக் கையெழுத்து போடாம உள்ள போயிட்றாங்க. ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர் இல்ல. போற எடமெல்லாம் ஒன் பேச்சுதான் எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்குது."

"நான் சும்மா வாய்ப்பேச்சுக்கு..."

"அவன் செஞ்சது தப்பில்லன்னு நான் சொல்லல. பேப்பர்ல வந்துச்சே அந்தக் கொழந்த போட்டோ, அத நான் கிழிக்காம மெஷின் டிராயர்லயே வெச்சிருக்கறேன். தெனம் பாக்கறேன். எனக்கு மட்டும் தெரியாதா?" குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ சொல்லுண்ணா. எம் மொகத்தப் பாத்து சொல்லு. வலிக்காதா?"

கட்டையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தேன்.

எனக்கு ஒரு ஆடு நினைவுக்கு வந்தது. கடையில் அறுப்பது வேறு, கோயிலில் வெட்டுவது வேறு. ஆடி மாதம் எங்கள் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுவது பல வருஷமாக நான்தான். வெட்டுவதற்கு முன்னால் பூசாரி கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார். அது உடம்பைச் சிலுப்பவேண்டும். சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், கிடாவும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். குலவை போடுவார்கள். அதற்குப் பிறகுதான் அரிவாளை ஓங்கவேண்டும். ஒரே வெட்டில் தலை விழவேண்டும்.

ஒரு வருஷம் ஒரு கருப்புக் கிடா சிலுப்பவே இல்லை. பூசாரி தெளித்தார். நின்றது. சொம்போடு ஊற்றினார். நின்றது. கூட்டம் கைகூப்பிக்கொண்டு, "தாயே, உத்தரவு குடும்மா," என்று கெஞ்சியது. என் கையில் அரிவாள் கனத்தது. அது சிலுப்பாமலே போனால் அவிழ்த்துவிட்டுவிடுவார்களே என்று எனக்கு ஒரு ஆசை. ஆனால் பூசாரி குனிந்து அதன் காதுக்குள் தண்ணீரை விட்டார். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் சிலுப்பாது? சிலுப்பியது. குலவை கிளம்பியது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கே விடப்பட்டது என்று தெரியும். அத்தனை பேரும் சம்மதம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

நான் ஓங்கினேன். தயங்கின கை. முதல் வெட்டு கொம்படியில் பட்டு வழுக்கியது. இரண்டாவதிலும் முடியவில்லை. மூன்றாவதில்தான் விழுந்தது. நடுவில் அது போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊருக்கு என்ன குறையோ, யார் தீட்டோடு வந்தார்களோ என்று ஒரு மாதம் பேசினார்கள். கிடாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நேர்த்திக்கடன் செலுத்திய வீட்டுப் பெண் அழுதுகொண்டே என்னிடம் வந்து கேட்டாள். "மொத வெட்டுலயே அதுக்கு உணர்வு போயிடுச்சும்மா. அப்புறம் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் நான் சொன்னது ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பழகின பொய் என்று அந்தப் புதன்கிழமைதான் எனக்கு உறைத்தது.

தையல்கடைப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா," என்றேன். "வலிக்குமா வலிக்காதான்னு எனக்குத் தெரியாது. எந்த ஆடும் திரும்பி வந்து சொன்னதில்ல. எல்லாம் சரியா நடந்தா சீக்கிரம் முடியலாம். சரியா நடக்கலைன்னா..." என்று ஆரம்பித்து, முட்டாள்தனமாக அந்தக் கருப்புக் கிடா கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். மூன்று வெட்டு வரைக்கும்.

முகம் வெளுத்துப் போனது அவளுக்கு. "இத எதுக்குண்ணா எங்கிட்ட சொன்ன?"

"நீதானம்மா கேட்ட!"

"கேட்டா சொல்லிட்றதா? இனிமே நான் எப்படித் தூங்குவேன்?"

"பொய் சொன்னா அதுக்கும் வந்து சண்ட போட்ற. நெஜத்த சொன்னா இதுக்கும் சண்ட போட்ற. நான் இன்னாதான் பண்றது?" கத்திவிட்டேன். கறிக்கடையில் நின்று ஒரு பெண்ணிடம், அதுவும் இந்த நிலைமையில் இருக்கிற பெண்ணிடம் கத்துகிறேன். எனக்கே என் மேல் எரிச்சல்.

அவள் தாளைக் கவருக்குள் வைத்தாள். ரோட்டில் அவலூர்பேட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போன பிறகு, "எனக்கு சொன்னத அவங்களுக்கு சொல்லு. ஞாயித்துக்கெழம காலையில வரேன்," என்றாள். கையெழுத்துப் போடு என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. அதுவும் எனக்கு உறுத்தியது.

மூன்று நாள் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. சொன்னால் வியாபாரம் போகும். கொலைகாரனுக்குப் பரிந்து பேசினான் என்று பேர் வரும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஒவ்வொரு வாசலிலும் என் பொய்யைக் கேட்டுத் திரும்பி வருவாள். மனைவியிடம் ஐந்தாவது தடவை கேட்டபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "போனா போவுது வியாபாரம். நீ உளறுனத நீயே போய் அள்ளு. எங்கிட்ட கேட்டுனே இருந்தா அது மறைஞ்சிடுமா?"

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான கூட்டம். அவள் டீக்கடை ஓரமாகக் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவளைப் பார்க்காத மாதிரி ரொம்பக் கஷ்டப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். கத்தியைக் கீழே வைத்தேன்.

"போன வாரம் நான் சொன்னது பொய்."

"எது? எளசுன்னு சொல்லிக் கெழ ஆட்டப் போட்டியே, அதுவா?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"தூக்கு விஷயம். வலிக்காதுன்னு சொன்னேன் இல்ல, எனக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. நீங்க தொணதொணன்னு கேட்டீங்க, வாய அடைக்கறதுக்காக அப்படிச் சொன்னேன். நீங்க அத எடுத்துனு போய் இந்தப் பொண்ணுகிட்டயே சொல்லியிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. கருப்புக் கிடா கதையை மறுபடியும் சொன்னேன். அன்று கோயிலில் கைகூப்பி நின்றவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். காதில் விட்ட தண்ணீரைச் சொன்னபோது ஒருவர் செருமினார். கண்டக்டருக்குத்தான் கோபம் வந்தது.

"நீ யார் பக்கம்யா? அந்தக் கொழந்தைக்கு வலிச்சுதே, அதுக்கு யார் மனு போட்டது?"

மூன்று நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். "வலிச்சிருக்கும்," என்றேன். "ரொம்ப வலிச்சிருக்கும். அதுக்காக இவனுக்கும் வலிக்கட்டும்னு நீங்க சொல்றீங்கன்னா நேரா சொல்லுங்க. அது ஒரு பேச்சு. வலிக்காதுன்னு எம் பேர்ல சொல்லிட்டுப் போவாதீங்க."

"வலிக்கட்டும்னுதான் சொல்றேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரிசையை விட்டு விலகி நேராக அவளிடம் போனார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "எனக்கு மனசு வரலம்மா. என் பேத்தி வயசு அந்தக் கொழந்தைக்கு."

"சரிங்கய்யா," என்றாள் அவள். "நீங்க ஒருத்தர்தான் நெஜத்த சொன்னீங்க."

அவர் கறி வாங்காமலே போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர் கழன்றார்கள். மிச்சம் இருந்தவர்கள் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோபத்தில் போனவர்களைக்கூட மன்னிக்கலாம். இந்தச் செல்போன்காரர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் கரண்டா, கயிறா, குழியா என்று வரிசையில் நின்று வழி சொன்ன வாய்கள்தானே இவை?

டீக்கடைக்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தத் தாளக் குடும்மா. நானும்தான் பரப்பினேன், பத்து பேர்கிட்ட சொல்லியிருப்பேன். டீ குடிக்க வர்றவன்கிட்ட வேற இன்னா பேசுறது?" முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஒருவர் போட்டுவிட்டு, "என் வீட்ல சொல்லிடாதீங்க," என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என் முன்னால் வந்து தாளை நீட்டினாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். ஈரம் பட்டு மை கலைந்தால் என்ன செய்வது என்று பனியனில் துடைத்தேன். பனியனில் ரத்தம் இருக்குமோ என்று மறுபடியும் கழுவினேன். "மனு ஜனாதிபதிக்குப் போறதுக்குள்ள கையெழுத்து போட்டுடுவியாண்ணா?" என்றாள். அத்தனை நாளில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்.

தாளில் கட்டம் போட்டிருந்தது. பெயர், ஊர், தொழில், கையெழுத்து. முதல் வரியில் மேல்சித்தாமூரிலிருந்து வந்து நெல் மண்டி நடத்தும் ஒரு சமணர். என் கடை இருக்கும் பக்கம் வரவே மாட்டார், எதிர்ச் சாரியில்தான் நடப்பார். அவருக்கு நாலு வரி கீழே என் இடம். பெயரை எழுதினேன். ஊரை எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"விவசாயம்னு எழுதிடட்டுமா? எங்க நைனாவுக்குக் கொஞ்சம் நெலம் இருந்துச்சு," என்றேன்.

"ஏன்?"

"மேல படிக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க? ஆடு அறுக்கறவன் உசுர விடச் சொல்றானேன்னு சிரிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டா? என்னால ஒன் தம்பி மனு கெட்டுப்போவக் கூடாது பாரு."

கட்டையையும், கொக்கியில் தொங்கின மிச்சக் கறியையும் பார்த்தாள்.

"நீ இன்னா செய்றியோ அதையே எழுதுண்ணா," என்றாள். "போன வாரம் அத வெச்சுத்தான ஊரே ஒன் பேச்ச நம்புச்சு."

மனு போய் மாதங்களாகிவிட்டன. இதை எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை. கண்டக்டர் இப்போது வேறு கடையில் கறி வாங்குகிறார், எதிரில் பார்த்தால் தலையை ஆட்டுகிறார். புதன்கிழமைகளில் நான் நெஞ்செலும்பைத் தனியாக எடுத்து வைக்கிறேன். அவள் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள். வலியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆடிக்குக் கோயில்காரர்கள் கூப்பிட்டார்கள், காதில் தண்ணீர் விடுவதாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது.

அந்தக் கட்டத்தில் நான் ஆட்டுக்கறி வியாபாரம் என்றுதான் எழுதினேன். எழுதும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அடிக்காமல், மேலே சின்னதாகச் சேர்த்து எழுதி, சரியாக இருக்கிறதா என்று அவளையே படித்துப் பார்க்கச் சொன்னேன்.